அத்தானின் மூச்சுக்கு ஒரு கத்தி

என் அக்காவின் கணவர் கண்ணாடிக்கடையில் வேலை பார்க்கிறார். மூக்குக்கண்ணாடி விற்பது வேறொருவர், அத்தான் பொருத்துபவர். வில்லையைத் தேய்த்துச் சட்டத்துக்குள் உட்காரவைத்து, வந்தவர் முகத்தில் மாட்டி, காதுக்குப் பின்னால் வளைத்து, "இப்ப குனிஞ்சு பாருங்க" என்பது வரை அவர் பொறுப்பு. பதினோரு வருடத்தில் ஊரில் பாதி மூக்குகள் அவருக்கு அத்துப்படி. தெருவில் யாராவது கையசைத்தால் பெயர் ஞாபகம் வராது. "இடது காது கொஞ்சம் மேல இருக்குமே, அவர்" என்பார்.

இந்த வேலை அவருக்கு ஒரு பழக்கத்தையும் ஒட்டவைத்துவிட்டது. பளபளப்பாக எது கையில் கிடைத்தாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், "ஹா" என்று ஊதுவார், சட்டைப்பையில் இருக்கும் மஞ்சள் துணியால் துடைப்பார். கரண்டி, கைபேசி, பேருந்து ஜன்னல், எதுவும் தப்பாது. இரண்டு வயது மகள் "அப்பா" சொல்லக் கற்கும் முன்பே "ஹா" கற்றுக்கொண்டாள்.

நான்கு வருடம் தேசம் தேசமாக அலைந்துவிட்டு நான் இவர்கள் வீட்டு முன்னறையில் வந்து விழுந்தபோது, அத்தானின் தாடி கண்ணுக்குக் கீழே வரை ஏறியிருந்தது.

அதற்குக் காரணம் மகள்தான். அவள் குறைமாதத்தில் பிறந்தவள். ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த வாரங்களில் அத்தானுக்கு முகம் மழிக்க நேரமில்லை. அவள் கண் திறந்து பார்த்த அப்பாவுக்குத் தாடி இருந்தது. அவளுக்கு எட்டு மாதமானபோது ஒருநாள் அவர் அதை எடுத்துவிட்டு வந்து நிற்க, குழந்தை யாரோ திருடனைக் கண்டதுபோல் அலறியது. ஒன்பது நாள் அவரிடம் போகவில்லை. மறுபடி வளர்த்தார். ஓரத்தைச் சரிசெய்யலாம் என்று மெஷினைப் போட்டால் அந்த "விர்ர்" சத்தத்துக்கு ஓடி ஒளிந்துகொள்வாள். அன்று முழுக்க அப்பா பக்கம் வரமாட்டாள். சாதாரண ரேசரிலோ கோடு தெரிவதில்லை. அதன் தலை கன்னத்தையே மறைத்துவிடும். சலூனுக்கு இரண்டு நாளுக்கொருமுறை போக அவர் வேலை நேரம் விடவில்லை. ஆகவே தாடி தன் இஷ்டத்துக்குப் பரவியது.

அந்த வியாழக்கிழமை கடை முதலாளி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். முகத்துக்கு அவ்வளவு கிட்டப் போகிற வேலை. வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் தாடிக்கு ஒழுங்கான ஓரம் வேண்டும், இல்லையென்றால் தாடியே வேண்டாம். அவர் சொல்வது நியாயம்தான் என்று அத்தானே ஒத்துக்கொண்டார். ஆனால் இன்னொரு ஒன்பது நாளை நினைத்துச் சாப்பாடு இறங்கவில்லை.

மடக்குச் சவரக்கத்தி வாங்கலாமே, சத்தம் வராது, கோடும் தெரியும் என்று சொன்னது நான். அக்கா என்னை முறைத்தாள். பிறகு கணவரைப் பார்த்து, "கழுத்து ஒண்ணுதான் இருக்கு, ஞாபகம் வெச்சுக்குங்க" என்றாள்.

சனிக்கிழமை கடைத்தெருவில், தையல்காரர்கள் கத்தரிக்கோல் சாணை பிடிக்கக் கொடுக்கும் ஒடுக்கமான ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரிக்கு என் வயதுதான் இருக்கும். பச்சைத் துணியை விரித்து நான்கு கத்திகளை வைத்தாள். அதிக அகலம் வேண்டாம், முதல் கத்திக்கு உருண்டை மூக்குதான் நல்லது என்றாள். அத்தான் தன்னையறியாமல் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"உங்க மூக்கு இல்லீங்க, கத்தி மூக்கு" என்று அவள் அலகின் நுனியைக் காட்டினாள். "கூர்மூக்கு கோடு நல்லாப் போடும். ஆனா பழகாத கை திரும்பும்போது அந்த முனைதான் முதல்ல கன்னத்தைப் பதம் பார்க்கும்."

கூர்மூக்கை நகர்த்தி வைத்துவிட்டு அத்தான் தன் வேலையைத் தொடங்கினார். கண்ணாடிச் சட்டத்தை மேஜையில் கவிழ்த்து ஆடுகிறதா என்று பார்ப்பது போல, ஒவ்வொரு கத்தியையும் திறந்து கண்ணாடிப் பலகைமேல் படுக்கவைத்து விரலால் மெல்லத் தட்டினார். ஒன்று ஆடியது, அலகில் வளைவு. கடைக்காரி குனிந்து பார்த்தாள், தானும் தட்டிப் பார்த்தாள், அதை எடுத்து உள்ளே வைத்தாள். அதற்குப் பிறகு அவரிடம் பேசும் குரலே மாறிவிட்டது.

மிச்சமிருந்த இரண்டில் கறுப்புக் கொம்புப் பிடி போட்டது எங்கள் இருவரையும் மயக்கியது. அத்தான் அதைக் குழல்விளக்கு வெளிச்சத்தில் தூக்கினார். நான் யோசிப்பதற்குள், "ஹா". மஞ்சள் துணி அலகின்மேல் ஓடியது.

துணி இரண்டாகிவிட்டது. பெருவிரலில் நூல் மாதிரி ஒரு சிவப்புக் கோடு. கடைக்காரி முதலில் வாங்கியது விரலை அல்ல, கத்தியை. அதை நன்றாகத் துடைத்து எண்ணெய் தடவினாள். அப்புறம்தான் பஞ்சு கொடுத்தாள்.

"இந்த எஃகுக்கு ஈரம் ஆகாது, துரு ஏறிடும். எதைப் பார்த்தாலும் ஊதுவீங்களா?"

"பதினோரு வருஷமா."

"சாப்பாட்டைக் கூட விடமாட்டார்" என்று நான் எடுத்துக்கொடுத்தேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பழக்கத்தை மாத்தச் சொல்ல நான் யாரு? கத்தியை மாத்திடலாம்."

கடைசியாகக் கிடந்ததை அவர் கையில் வைத்தாள். துருப்பிடிக்காத எஃகு, உருண்டை மூக்கு, சாதாரண பிளாஸ்டிக் பிடி. தோல்வாரில் இன்னும் பத்து தடவை கூடுதலாகத் தீட்டவேண்டியிருக்கும், அவ்வளவுதான் என்றாள். கறுப்புப் பிடியை அத்தான் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கையிலிருந்ததை மறுபடியும் படுக்கவைத்துத் தட்டினார். ஆடவில்லை.

ஞாயிறு காலை வாரை ஆணியில் மாட்டித் தீட்டத் தொடங்கினார். சளப், சளப். அந்தச் சத்தத்தை நாங்கள் யாரும் கணக்கில் எடுத்திருக்கவில்லை. தூக்கக் கலக்கத்தோடு குழந்தை வந்து அக்காவின் காலைக் கட்டிக்கொண்டு நின்றது. அத்தானின் கை நின்றுவிட்டது. அவள் வாரைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அழவில்லை. மெதுவாக ஒரு முறை தீட்டினார். அவள் கொட்டாவி விட்டாள்.

வலது கன்னம் சுலபமாக வந்தது. இடது பக்கத்துக்குக் கை முகத்துக்குக் குறுக்கே போய், முகம் பார்க்கும் கண்ணாடியை மறைத்தது. திகைத்து நின்றார்.

"இப்படியே கடைக்குப் போங்க" என்றாள் அக்கா. "ஒரு பக்கம் மாப்பிள்ளை, ஒரு பக்கம் சாமியார்."

அவர் கத்தியை இடது கைக்கு மாற்றினார். இரண்டு காதுக்கும் இரண்டு கையால் வளைத்துப் பழகியவர் அல்லவா, இடது கையும் சொன்னபடி கேட்டது. கழுத்தோரம் ஒரே ஒரு சின்னக் கீறல்.

கத்தியைக் கழுவி, ஊதி, துடைத்து, மடக்கி, மேல்தட்டில் வைத்துவிட்டுக் குழந்தையின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முகத்தை அவள் பக்கம் நீட்டினார். அக்கா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைக்கவில்லை. குழந்தை கிட்ட வந்து, தாடி முடியும் இடத்தில் பளபளத்த ஈரக் கன்னத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்து "ஹா" என்று ஊதி, தன் கவுன் நுனியால் துடைத்தாள். துடைத்து முடித்ததும் தூக்கச் சொல்லிக் கையை உயர்த்தினாள்.

திங்கட்கிழமை முதலாளி அவரை வெளிச்சத்தில் நிறுத்தி இரண்டு பக்கமும் பார்த்தாராம். நன்றாகத்தான் இருக்கிறது, இடது கோடு மட்டும் ஒரு மயிரிழை மேலே ஏறியிருக்கிறது என்றாராம்.

"என் இடது காதே கொஞ்சம் மேலதான் முதலாளி" என்று அத்தான் சொல்லியிருக்கிறார். "முகத்தைப் பார்த்துத்தான் பொருத்தியிருக்கேன்."