காடு வேறு, ஃபாரஸ்ட்டு வேறு

தத்துவத்தில் பட்டம் வாங்கிவிட்டு நில அளவைக் குழுவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன் கள்ளக்குறிச்சியில் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். "சங்கிலியப் புடிங்க சார், அது நெசமா மாயையான்னு அப்பால யோசிக்கலாம்" என்பார் சர்வேயர். நானும் சிரித்து வைப்பேன். ஆனால் அந்தப் படிப்பு ஒருநாள் சோறு போட்டது, எனக்கல்ல.

கரியாலூர் என்ற மலைக்கிராமத்துக்கு மேலே ஒரு சரிவு. தனியாக வாழ்ந்த ஓர் அம்மா அதில் சாமை அறுத்துவிட்டு, மண் தேறட்டும் என்று மூன்று வருஷமாக ஆறப்போட்டிருந்தார். புதர் இடுப்பளவு வளர்ந்திருந்தது.

"இது இன்னாம்மா?" என்றார் சர்வேயர்.

"எங்க காடுங்க."

சர்வேயர் ஃபாரத்தில் 'காடு' என்று எழுதிவிட்டார். ஃபாரத்தில் காடு என்றால் வனம். வனம் என்றால் சர்க்காருடையது. அந்த அம்மாவுக்கு வேறு நிலம் கிடையாது.

உலகம் தானாகவே வகைவகையாகப் பிரிந்து கிடக்கிறது, நம் கருத்துகள் அதைப் படம்பிடிக்கின்றன என்பார்கள் தத்துவத்தில் ஒரு கட்சியார். பிரிப்பதே கருத்துகள்தான் என்பார்கள் இன்னொரு கட்சியார். எனக்குப் பிடித்தவர்கள் பழைய பௌத்தர்கள். ஒரு சொல் பொருளை நேராகத் தொடுவதில்லை, மற்றதையெல்லாம் விலக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான் என்றார்கள். சரி, விலக்கியே பார்ப்போம் என்று எதிரே மரம் அடர்ந்த மலையைக் காட்டினேன்.

"அதுவும் காடுதானம்மா?"

"அது ஃபாரஸ்ட்டுங்க" என்றார், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. "காடுன்னா நாம கொத்தி வெதைக்கறதுங்க."

சர்வேயருக்கு எரிச்சல். "எழுதினது எழுதினதுதான்" என்றார். அதை அடித்துவிட்டு 'புன்செய்' என்று எழுதினால்தான் தாளைப் பதிவேட்டில் ஏற்றுவேன் என்று நின்றுவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்றிருந்தது. முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். திருத்தத்துக்குப் பக்கத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். எத்தனையோ தாள்களில் கையெழுத்துப் போட்டவன் நான். பெருமையாகச் சொல்லிக்கொள்ள அந்த ஒன்று போதும்.

அந்த அம்மாவுக்கு எதற்கு இந்தச் சண்டை என்றே புரியவில்லை. "காயிதத்துல இன்னா எழுதினா இன்னாங்க? எங்க காடு இங்கதான இருக்கப்போவுது?"

"காடு இங்கதாம்மா இருந்திருக்கும். நீங்கதான் இருந்திருக்க மாட்டீங்க."

அந்த அம்மா தாளை வாங்கினார். திருத்தி எழுதிய சொல்லின்மேல் விரலை வைத்து, "இத்தப் படிங்க" என்றார்.

படித்தேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.