எலிசாளின் வயிறு

ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக் கடையில் எலிசாளுக்குச் சேலை உடுத்திக் காட்டுகிற வேலை. வாங்க வந்தவர்கள் தயங்கினால், தான் உடுத்தியிருக்கும் சேலைக்கு மேலேயே புதியதைச் சுற்றி, கொசுவம் வைத்து, அவர்கள் முன்னால் நடந்து காட்டுவாள். கணவன் யோசுவா கட்டடங்களில் டைல்ஸ் பதிப்பவன்.

1999-இல் அவளுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தார்கள். வயிறு மட்டும் பழையபடி திரும்பவே இல்லை. ஒன்றரை வருடம் கழித்தும் பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தார்கள். மறுக்க வெட்கப்பட்டு உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் சேலை வாங்க வந்த ஒரு பெண், "இது எத்தனாம் மாசம்?" என்று கேட்டாள். மறுநாள் முதலாளி அவளை மாடியில் பார்சல் கட்ட அனுப்பினார்.

ராச்சாப்பாட்டை விட்டாள். கன்னம் ஒட்டியது, வயிறு அப்படியே இருந்தது. கடைசியில், மலையாளம் கலந்த தமிழ் பேசும் பிளாஸ்டிக் சர்ஜன் டாக்டர் ஷிஜாவிடம் போனாள். அவர் அவளைப் படுக்கவைத்துத் தலையைத் தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேல் விரல்களை அழுத்தினார்.

"நாலு விரல் உள்ள போகுது. இது கொழுப்பல்ல, கேட்டோ. ரெண்டு பிள்ளைக்கு இடம் கொடுத்துத் தசை விலகிப் போச்சு. பட்டினி கிடந்தா சேராது."

"கொழுப்ப உறிஞ்சி எடுக்காங்களாமே, டாக்டர்?"

"உனக்கு அதுகொண்டு காரியமில்ல. தொங்குற தோல் அப்படியேதான் நிக்கும். முதல்ல ஆறு மாசம் பயிற்சி செய். பிறகும் வேணும்னா தோலை வெட்டி, தசையைச் சேர்த்துத் தைக்கலாம். ஆனா இனி பிள்ளை வேணும்னா இப்ப செய்ய வேண்டா."

"இனி பிள்ளை வேண்டாம்னு பிரசவத்தோட அதுக்கும் ஆப்பரேஷன் பண்ணியாச்சு."

பாயில் படுத்துப் பயிற்சி செய்தாள். பிள்ளைகள் மேலே ஏறி விளையாடின. முதுகுவலி போயிற்று, தசைகளின் இடைவெளி பாதியானது. தோல் மட்டும் தொங்கியது.

"எனக்கு ஒரு கொறையும் தோணல்ல பிள்ளே," என்றான் யோசுவா. "உயிரப் பணயம் வச்சு இது எதுக்கு?"

"எனக்குத் தோணுது. குளிக்கும்போ நான் குனிஞ்சு பாக்கதே இல்ல."

அடுத்த வாரம் அவளுடனேயே வந்து, மயக்க மருந்தில் தொடங்கி ஒவ்வொன்றாக டாக்டரிடம் கேட்டான். அவரும் ஆபத்துகளை மறைக்காமல் சொன்னார். ஸ்கூட்டர் வாங்க வைத்திருந்த சீட்டுப் பணத்தை அவனே எடுத்துத் தந்தான்.

ஆப்பரேஷன் முடிந்த முதல் இரண்டு நாள், ஏன் செய்தோம் என்று அழுதாள். வயிற்றிலிருந்து நீர் வடிய இரண்டு குழாய்கள். பத்து நாள் கூனியே நடந்தாள். ஆறு வாரம் பிள்ளைகளைத் தூக்கக் கூடாது. யோசுவா பின்னல் போடக் கற்றுக்கொண்டான். பிள்ளைகள் கோணல் பின்னலோடு நர்சரிக்குப் போனார்கள். வீக்கம் வடிந்தபோது, இடுப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சிவந்த தழும்பு இருந்தது. தொப்புள் சற்றுக் கோணல். ஆனால் வயிறு அடங்கியிருந்தது. தினமும் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

கடைக்குத் திரும்பிய அன்று மாடிக்குப் போகவில்லை.

"பார்சலுக்கு ஆளு வேணுமே," என்றார் முதலாளி.

"வேற ஆளப் பாருங்க அண்ணாச்சி. நான் கீழதான்."

ஓணத்துக்கு முந்திய வாரம், கூட வேலை பார்க்கும் சரசம்மா அந்த ஆப்பரேஷனைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள். எலிசாள் ஸ்டோர் அறைக் கதவைச் சாத்தித் தழும்பைக் காட்டினாள்.

"நல்லா நோவும், பொய் சொல்லமாட்டேன். உனக்கு இது வேணுமா, பயிற்சி மட்டும் போதுமான்னு டாக்டர்தான் சொல்லணும்."

ஓணம் முடிந்து வந்த செவ்வாய்க்கிழமை இருவரும் அரைநாள் லீவு எடுத்து, டாக்டர் ஷிஜாவைப் பார்க்க பஸ் ஏறினார்கள்.