காட்டெருமை கொடுத்த லீவ் லெட்டர்

ஊட்டியில் கல்லூரி படித்த மூன்று வருஷமும் எனக்கு அரைக் கிறுக்கன் என்று பெயர். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை வேறு. கூரை ஒழுகிய வகுப்பில் குடை பிடித்து உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். கேன்டீன் வடைக்கு இரங்கல் கவிதை எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். வாட்ஸ்அப் குரூப்பில் நான் எதை எழுதினாலும் பத்துப் பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். போதாதா?

போதவில்லை. கடைசி வருஷம் வருகைப் பதிவு குறைந்துபோனது. மஞ்சூரிலிருந்து வரும் பஸ்ஸைப் பாதி நாள் காட்டெருமை மறித்தது, மீதி நாள் என்னைத் தூக்கம் மறித்தது. துறைத்தலைவர் எழுத்தில் விளக்கம் கேட்டார். புத்தியுள்ளவன் மன்னிப்புக் கேட்டிருப்பான். நான் காட்டெருமை எழுதியதாக ஒரு லீவ் லெட்டர் கொடுத்தேன்.

"ஐயா, தங்கள் மாணவரின் பஸ்ஸை மறித்தது நான்தான். ரோடு போடுவதற்கு முன்பிருந்தே அது எங்கள் வழி. தயவுசெய்து அவரைப் பரீட்சை எழுத விடவும். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிந்துள்ள காட்டெருமை." உருளைக்கிழங்கைக் குளம்பு மாதிரி செதுக்கி, மையில் தோய்த்து, கீழே முத்திரையும் குத்தியிருந்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "அம்மாவக் கூட்டிட்டு வா. இல்லைன்னா ஹால் டிக்கெட் கிடையாது" என்றார்.

அம்மா தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். லீவு போட்டுவிட்டு, கல்யாணங்களுக்கு மட்டும் கட்டும் சேலையில் வந்தாள். மகனுக்கு ஏதோ பரிசு கொடுக்கக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்திருக்கிறாள். அந்த அறையில் அவளுக்கு ஒரு தலைகுனிவு வந்தால் இனி ஒரு வரி எழுதுவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

துறைத்தலைவர் கடிதத்தை நீட்டினார். அம்மா நிதானமாகப் படித்தாள். முத்திரையில் விரல் வைத்து நிறுத்தினாள்.

"ஏனுங்க சார், இது குதிரைக் குளம்புங்க. காட்டெருமைக்கு ரெண்டாப் பொளந்திருக்கும். தெனம் செடிக்குள்ள எறங்கறதுக்கு முந்தி நாங்க மண்ணத்தானுங்க பாப்போம். புதுத் தடம் இருந்தா அந்தப் பக்கமே போகமாட்டோம்." பிறகு என்னைப் பார்த்தாள். "பொய் சொல்றதுன்னாலும் பாத்துச் சொல்லோணும்டா."

துறைத்தலைவர் முகத்தை ஃபைலால் மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. ஹால் டிக்கெட்டில் கையெழுத்துப் போட்டு, "பரீட்சைப் பேப்பர்ல காமெடி வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா சொன்ன தடத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா தினமும் எதைப் பார்த்துவிட்டு வேலைக்கு இறங்குகிறாள் என்பது இருபது வயதுவரை எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது.

மஞ்சூருக்கு முன்னால் பஸ் நின்றது. நடு ரோட்டில் நிஜமாகவே ஒரு காட்டெருமை, அவசரமே இல்லாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அம்மா என் விலாவில் இடித்தாள். "எறங்கிப் போயி ஒழுங்கா ஒரு கையெழுத்து வாங்கிட்டு வா, போ."

நான் சிரித்த சிரிப்பில் டிரைவரே திரும்பிப் பார்த்தார். எங்கள் வீட்டில் கிறுக்கு எனக்கு மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். அம்மாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் காட்டெருமை ரோட்டைவிட்டு இறங்கும்வரை என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவில்லை.