ஏரிக்கு மேலே ஒரு பிடி மண்

இத்தாலிக்குப் போய் வந்தேன் என்றால் மொன்றியலில் எல்லோருக்கும் பொறாமைதான். சென்ட் லோரன்டில் நான் மருந்துப் பெட்டி அடுக்கும் தொழிற்சாலையில், மலை உச்சியில் ஒரு பழைய ஊர், கீழே பெரிய ஏரி, சுற்றிவரத் திராட்சைத் தோட்டம் என்று சொல்லத் தொடங்கியதும், பக்கத்து மேசைக்காரி வைன் குடித்தாயா என்று கேட்டாள். எனக்கு எரிச்சல் வந்தது. என் தம்பியை அடக்கம் பண்ணிய ஊர் அது.

யாழ்ப்பாணத்தை விட்டு நான் கனடாவுக்கு வந்தேன், அவன் இத்தாலியில் தங்கிவிட்டான். அந்த ஊரில் திராட்சைத் தோட்டத்தில் வேலை. ஞாயிறு பூசை முடிந்து மொன்றியலில் வில்லரேப் பகுதியில் இருந்த என் வீட்டுக்கு நான் வந்து சேர, தொலைபேசி அடிக்கும்.

"அக்கா, ஒருக்கா வந்து பாருங்கோ. இவங்கள் ஏரி எண்டுறாங்கள், எனக்கெண்டால் கடல்தான்."

"பேந்து வாறன்," என்பேன். கனடா பாஸ்போர்ட் கிடைக்கட்டும் என்றிருந்தேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில், ஒரு கோடையில், நெஞ்சு வலி வந்து தோட்டத்திலேயே விழுந்துவிட்டான். அகதிப் பத்திரத்தை வைத்துக்கொண்டு விசாவுக்கு ஓடித் திரிந்தேன். அது கிடைப்பதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. முகமும் பார்க்கவில்லை, மண்ணும் போடவில்லை.

எங்கள் வழக்கத்தில் பெட்டி குழிக்குள் இறங்கியதும் சொந்தக்காரர் ஒரு பிடி மண் அள்ளிப் போடவேண்டும். அது ஒன்றுதான் எனக்கு மிஞ்சியிருந்தது. கல்லறை மேலாவது போடுவோம் என்று இலையுதிர் காலத்தில் போனேன்.

தம்பியோடு ஒரே அறையில் இருந்த மன்னார்க்காரன் வந்து கூட்டிப்போனான். பஸ் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியது. பாப்பரசர்கள் வந்து தங்கிய கோட்டை, கல் பாவிய ஒழுங்கைகள், வாசலில் போத்தல் அடுக்கிய வைன் கடைகள். ஏரி உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

முதலில் தம்பி விழுந்த தோட்டத்துக்குப் போனோம். கொடிகளின் அடியில் கறுத்த மண்ணை ஒரு பிடி அள்ளினேன். மன்னார்க்காரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், பிறகு திரும்பி முன்னே நடந்தான்.

கல்லறைகள் இருந்த சேமக்காலைக்குள் போனதும் அவன் தயங்கிய காரணம் புரிந்தது. அங்கே குழிகள் இல்லை. உயரமான சுவர், அதில் அலுமாரித் தட்டுகள் போல வரிசை வரிசையாக அறைகள், ஒவ்வொன்றையும் பளிங்குக் கல்லால் அடைத்திருந்தார்கள். தம்பி மேல் வரிசையில் இருந்தான்.

"இங்கை இப்பிடித்தான் அக்கா. உங்களிட்டை எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை."

"ஒருத்தரும் மண் போடேல்லையோ?"

"இல்லை அக்கா. சிமெந்து பூசினவங்கள். நாங்கள் பாத்துக்கொண்டு நிண்டம்."

சில்லு வைத்த இரும்பு ஏணியை உருட்டி வந்து பிடித்துக்கொண்டான். ஒரு கையில் மண்ணோடு ஏறினேன். கல்லில் பதித்திருந்த படத்தில் தம்பிக்குத் தலை நரைத்திருந்தது. அவனுக்கு நரைத்தது எனக்குத் தெரியாது. மற்றக் கையால் கல்லின் ஓரமெல்லாம் தடவிப் பார்த்தேன். ஒரு துகள் மண் போகவும் இடைவெளி இல்லை. சத்தம் போட்டு அழுதேன்.

"இறங்குங்கோ அக்கா, கேற் பூட்டப் போறாங்கள்," என்றான் கீழே நின்றவன்.

"பொறு தம்பி," என்றேன். "நான் இன்னும் மண் போடேல்லை."