ஊஞ்சலில் அழவைத்த பிடில்காரர்

போன முகூர்த்த சீசனில் நான் கல்யாணங்களுக்கு டோலக் அடித்துக்கொண்டு திரிந்தேன். கூட வந்த பிடில்காரர் ஒல்லி, காதில் கடுக்கன். எந்தப் பாட்டானாலும் நடுவில் வில்லை நிறுத்திவிட்டு அதன் பூர்வீகம் சொல்வார். எரிச்சலாக வரும்.

புத்தூர் மண்டபத்தில் ஒரு கல்யாணம். பெண் திருப்பதித் தெலுங்குக் குடும்பம், மாப்பிள்ளை நகரித் தமிழர். ஊஞ்சல் பாட்டைத் துள்ளலாக வாசிக்க வேண்டியவர் இழுத்து இழுத்து வாசித்தார். பெண்ணின் அம்மா ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

"நல்ல நேரத்துல இன்னாத்துக்கு அழ வெக்கிறீங்க?" என்று மாப்பிள்ளையின் அத்தை எங்கள்மேல் பாய்ந்தாள்.

"யோவ், வேகமா வாசிய்யா! தொரத்திடப் போறாங்க," என்றேன்.

அவர் வில்லையே நிறுத்திவிட்டார். "நகரியில வேகமா வாசிச்சா இது ஊஞ்சலு. திருப்பதில நிதானமா வாசிச்சா பொண்ண அனுப்புற பாட்டு. மெட்டு ஒண்ணுதான் நைனா."

"அத இப்பவா சொல்லுவ?"

பெண் கிளம்பும்போது அதே மெட்டைத் துள்ளலாக வாசித்தார். முன்பே அழுது தீர்த்திருந்த அம்மா சிரித்துவிட்டாள். பெண்ணும் சிரித்துக்கொண்டே காரில் ஏறினாள்.

தெரிந்தே செய்தாரா, மாற்றி வாசித்துவிட்டாரா என்று பஸ்ஸில் கேட்டேன். சத்தியவேட்டில் அந்த மெட்டை எப்படி வாசிப்பார்கள் என்று ஆரம்பித்தார். நான் இறங்கும்வரை அதுதான் பதில்.