எல்லா ஃபியூஸும் கழற்றிய பிறகு

அந்த ஒர்க்ஷாப் தெருவில் அவருக்கு ஃபியூஸ் அண்ணன் என்று பேர். வண்டிகளில் மின்சாரக் கோளாறு பார்ப்பவர் என்பதால் வந்த பேர் என்று வெளியாள் நினைத்துக்கொள்வான். அதெல்லாம் இல்லை. மனுஷனுக்குப் பொசுக்கென்று கோபம் வரும், வந்த வேகத்தில் அணைந்தும் போகும். அதனால் வந்த பேர். யாராவது வந்து, "அண்ணே, பேட்டரி சும்மா சும்மா இறங்குது, புதுசு மாத்திடலாமா?" என்று கேட்டுவிட்டால் போதும், பிடித்துக்கொள்வார்.

"பேட்டரி என்னய்யா, தானா சாகணும்னு சாபமா வாங்கிட்டு வந்திருக்கு? எவனோ உள்ள உக்காந்து குடிக்கிறான். குடிக்கிறவனப் பிடிக்காம புதுசு மாத்தினா, அதையும் சேத்துக் குடிப்பான்."

பிடிப்பதில் அவர் பலே ஆள். வண்டியில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, நடுவில் மீட்டரை மாட்டுவார். முள் எழுந்தால் எங்கேயோ கரண்ட் போகிறது என்று அர்த்தம். "உயிர் இருக்கு" என்பார். அது அவருடைய சொல். பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். எதைப் பிடுங்கும்போது முள் படுக்கிறதோ, அந்த லைனில் திருடன் இருக்கிறான். இவ்வளவுதான் வித்தை.

அப்படிப்பட்டவருடைய சொந்த வண்டியிலேயே பேட்டரி இறங்க ஆரம்பித்தது.

அது ஒரு பழைய பள்ளிக்கூட வேன். அவரும் மனைவியும் அதை வாங்கி வீடாக மாற்றியிருந்தார்கள். முன்பக்கம் அவருக்கு ஒரு கட்டில், பின்பக்கம் அவளுக்கு ஒன்று, நடுவில் அடுப்பும் குட்டி ஃப்ரிட்ஜும். எஞ்சினுக்கு ஒரு பேட்டரி, வீட்டுப் பகுதிக்குத் தனியாக ஒன்று. வயரிங் முழுக்க அவர் கை. அவள் டார்ச் பிடித்துக்கொண்டு, "ஊர் வண்டிய எல்லாம் ஒரே நாள்ல முடிக்கிறீங்க. நம்ம வண்டின்னா மட்டும் கைக்குச் சுளுக்கு வந்துடுது" என்று வம்பிழுப்பாள். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, இனி ஊர் ஊராகச் சுற்ற வேண்டியதுதான் என்று இரண்டு பேரும் கிளம்பினார்கள்.

முதல் பயணத்திலேயே, ஓர் ஏரிக்கரையில் வண்டி நின்ற இரவில் படுத்தவள் விடிந்தபோது எழுந்திருக்கவில்லை. அவளுக்கு ஏற்கெனவே நெஞ்சு பலவீனம். "தூக்கத்துலயே போயிட்டா. ஒரு சத்தம் இல்ல, ஒரு கஷ்டம் இல்ல" என்று துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். மகளிடம்தான் அதிகம் சொன்னார். மகள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடினாள். அவரும் அப்படித்தான். அன்று காலை வண்டிக்குள் விளக்கு எரியவில்லை. அதையெல்லாம் அந்த நேரத்தில் யார் பார்த்தார்கள்?

வேன் வீட்டு வாசலில் நின்றது. கொஞ்ச காலம் கழித்து, பகலில் அதற்குள் போய் உட்காரலாம் என்று வீட்டுப் பகுதி பேட்டரியை சார்ஜ் போட்டார். மறுநாள் காலி. மறுபடி போட்டார். மறுபடி காலி. "என் வண்டியிலயேவா!" என்று எகிறிக்கொண்டு மீட்டரை எடுத்து வந்தார். விளக்கு, பம்பு, ஃப்ரிட்ஜ் எல்லாம் அணைத்தாயிற்று. முள் எழுந்து நின்றது. ஃபியூஸ்களைப் பிடுங்கினார். ஒன்று, இன்னொன்று, கடைசியில் எல்லாமே. பெட்டி பொக்கை வாயாக நின்றது. எழுந்த முள் மட்டும் படுக்கவில்லை.

ஃபியூஸுக்கு வெளியே அவர் ஒரு வயரும் போட்டதில்லை. யோசிக்கலாம் என்று தன் கட்டிலில் சாய்ந்து, தலைமாட்டுப் பலகையில் கையை ஊன்றினார். பலகை இளஞ்சூடாக இருந்தது. நிழலில் நிற்கிற வண்டி, வெயில் படாத மூலை. ஆனால் சற்று முன் யாரோ கன்னம் வைத்திருந்து எடுத்த மாதிரி ஒரு சூடு.

"உயிர் இருக்கு" என்றது வாய், வழக்கப்படி. சொன்ன பிறகுதான் தன் சொல் தன் காதில் விழுந்தது.

அன்றோடு தேடுவதை விட்டுவிட்டார். மீட்டரும் பிடுங்கிய ஃபியூஸும் போட்டது போட்டபடி கிடந்தன. காலையில் சார்ஜ் போடுவார். கடைக்குப் போவதில்லை. பலகையில் கை வைத்துக்கொண்டு படுத்திருப்பார். சூடு ஏறும்போது, "வந்துட்டியா? நல்லாக் குடி, தாயி. உனக்கு இல்லாததா?" என்பார். கோளாறைக் கண்டுபிடித்துவிட்டால் அவள் போய்விடுவாள். அந்தப் பயம்தான் அவருக்கு. கடையில் பூட்டு துருப்பிடித்தது.

ஒருநாள் மகள் வந்து வண்டி ஓரமாக நின்று இதைக் கேட்டுவிட்டாள்.

"அப்பா, யார்கூடப் பேசறீங்க?"

"அம்மா இருக்காம்மா. கை வச்சுப் பாரு."

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ஏம்ப்பா இப்படிப் பயமுறுத்தறீங்க? நிம்மதியாத்தான போனாங்க? அப்புறம் எதுக்கு இங்க அலையணும்?" என்று விம்மினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக ஒர்க்ஷாப் தெருவுக்குப் போய், அப்பாவின் எதிர்க்கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அதே தொழில், அவரைவிட இளையவர். "நீங்க பாக்கலன்னா இவர் பாக்கட்டும்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, இருவருக்கும் டீ போட வீட்டுக்குள் போனாள்.

ஃபியூஸ் அண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் வயரிங்ல கை வைக்க நீ யாருடா?"

எதிர்க்கடைக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். காலிப் பெட்டியையும், எழுந்து நிற்கிற முள்ளையும் பார்த்தவர் பேயறைந்தது போல ஆனார்.

"அண்ணே, ஃபியூஸ்ல தேடாதீங்க. பேட்டரியிலருந்து நேரா ஒரு லைன் போகுது. தரைக்கு அடியில. நான்தான் இழுத்தேன்."

"நீயா?"

"அண்ணிதான் கூப்பிட்டாங்க. ராத்திரி மூச்சு முட்டினா உங்களக் கூப்பிடக்கூட வாய் வராதாம். ஒரு பஸ்ஸர் வேணும்னு உங்ககிட்டயும் கேட்டாங்களாமே."

கேட்டாள்தான். 'நான் ரெண்டு எட்டு தள்ளித்தான படுத்திருக்கேன், பஸ்ஸர் என்ன பஸ்ஸர்' என்று அவர் சிரித்திருந்தார்.

"உங்க தலைமாட்டுப் பலகைக்குப் பின்னாடி வச்சேன். சுவிட்ச் அண்ணி கட்டில் ஓரத்துல. தூக்கத்துல கை பட்டு அடிச்சா நீங்க கத்துவீங்களாம். அதனால மேல தூக்கினா மட்டும் ஆன் ஆகற சுவிட்சா கேட்டாங்க. தானா ஆன் ஆகாதுண்ணே."

ஃபியூஸ் அண்ணன் பின்கட்டிலுக்குப் போய் மெத்தையை விலக்கினார். மரச்சட்டத்தின் அடியில் சின்ன சுவிட்ச். மேலே தூக்கிவிட்டிருந்தது.

"மெத்தை உரசித் தூக்கியிருக்கும்ணே" என்றார் எதிர்க்கடைக்காரர். அவர் குரலே அதை நம்பவில்லை.

ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பலகையைக் கழற்றினார்கள். பஸ்ஸர் சூடாக, சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. ஃபியூஸ் அண்ணன் அதன் மூடியைத் திறந்தார். உள்ளே ஒன்றையொன்று தட்டித் தட்டிச் சத்தம் எழுப்ப வேண்டிய இரண்டு பாயிண்ட்டும் கருகி, உருகி, ஒட்டிப்போயிருந்தன. சத்தம் நின்றுபோய், கரண்ட் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

சத்தமே போடாத பஸ்ஸரில் பாயிண்ட் உருகாது. நெடுநேரம் நிற்காமல் அடித்தால்தான் உருகும். இது இருவருக்கும் தெரியும். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தன் காதிலிருந்து ஒரு சாண் தள்ளி அது கத்திக் கத்தி ஓய்ந்திருக்கிறது. நாளெல்லாம் வண்டி ஓட்டிய அலுப்பில் அவர் தூங்கியிருக்கிறார். இத்தனை மாதம் தொட்டுத் தொட்டுக் கொஞ்சியது அவள் வந்திருப்பதை அல்ல, அவள் கூப்பிட்டதை.

படியில் மகளின் காலடி கேட்டது. எதிர்க்கடைக்காரர் சட்டென்று பஸ்ஸரை உருவித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். ஃபியூஸ் அண்ணன் சுவிட்சைக் கீழே தள்ளினார். மீட்டரில் முள் படுத்தது.

டீயோடு உள்ளே வந்தவள் அதைத்தான் முதலில் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"கிடைச்சிடுச்சா? என்னப்பா அது?"

"ஒண்ணுமில்லம்மா. ஒரு பழைய வயரு. எங்கயோ உரசிட்டு இருந்திருக்கு."

"அப்ப அம்மா இங்க இல்லல்ல? நிம்மதியாப் போயிட்டாங்கல்ல?"

அவர் டீயை வாங்கிக்கொண்டார்.

"ஆமாம்மா" என்றார். "நிம்மதியாப் போயிட்டா."