உறைபெட்டியில் வைத்த கூப்பன்

எங்கள் பிரெட்ஸ்லாவ் எல்லையோர ஊர். ஊரே ரயில்வேயால் ஆனது. இங்கே ரதிமீர் பொகோர்னியைத் தெரியாதவர்கள் இரண்டே வகை: ரயில் ஏறாதவர்கள், இன்னும் பிறக்காதவர்கள். முப்பத்தோரு வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். பொகோர்னி என்றால் எங்கள் மொழியில் பணிவானவன் என்று பொருள். அந்தப் பெயரை வைத்த முன்னோர்கள் இவரைப் பார்க்காமலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அவருடைய சேவையின் சிகரம், சொந்த மாமியாருக்கே அபராதம் போட்டது. அந்த அம்மாள் எல்லைக்கு அந்தப் பக்கம், ஸ்லோவாக்கியாவில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டரின் விதவை. ரயில்வே குடும்பங்களுக்கு வேறு நாட்டு ரயில்களில் போக, நாட்டுக்கு ஒன்றாக வருடத்துக்கு ஒரு இலவசக் கூப்பன் உண்டு. அதில் நான்கு கட்டம், ஒரு பயணத்துக்கு ஒரு கட்டம். ஏறுவதற்கு முன் அன்றைய தேதியை மையால் எழுத வேண்டும். ஈஸ்டருக்கு மகள் வீட்டுக்கு வந்த அம்மாள் பென்சிலால் எழுதியிருந்தார்.

"கண்ணாடியத் தேடிக்கிட்டு இருந்தேன் மாப்ளே, கைக்குக் கெடைச்சத வச்சு எழுதினேன்."

"பென்சில்னா அழிச்சுட்டு மறுபடி வரலாம்னு அர்த்தம் அத்தை. சட்டத்துக்கு மாமியார் கெடையாது."

பெட்டி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, தன் பேனாவைக் கொடுத்து அபராதச் சீட்டில் கையெழுத்தும் வாங்கினார். அதன் பிறகு பத்தொன்பது வருடமாக, அந்த அம்மாள் வைக்கும் நவம்பர் மாதத்து வாத்து விருந்தில் அவர் தட்டுக்குக் கழுத்துத் துண்டு மட்டுமே வந்து சேர்கிறது.

அப்படிப்பட்டவரின் மகள் ஹெட்விகாவுக்கு ஹாம்பர்க்கில் கல்யாணம் நிச்சயமானது. பொகோர்னியும் மனைவி லுத்மிலாவும் முழங்கால் வலிக்காக புடாபெஸ்டின் வெந்நீர்க் குளங்களில் ஒரு வாரம் ஊறிவிட்டு, அங்கிருந்தே விடியற்காலை வண்டியில் ஏறினார்கள். நான்கு நாடு, ஒரு பகல், ஒரே வண்டி. எல்லை தாண்டியதும் ஜெர்மன் பக்கம் வரும் ட்ரெஸ்டனில் மாப்பிள்ளையின் அம்மா ரோஸ்விதா ஏறிக்கொள்வதாக ஏற்பாடு. சம்பந்திகள் முதல்முறை முகம் பார்க்கப்போவது அந்தப் பெட்டியில்தான். அந்த அம்மாள் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஹெட்விகா முன்கூட்டியே தகப்பனின் நேர்மையைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தாள், மாமியார் கதை உட்பட. அந்த நற்பெயரோடு ஹாம்பர்க்கில் இறங்க வேண்டும், அவ்வளவுதான் பொகோர்னியின் ஆசை.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். பொகோர்னியின் சட்டைப்பையில் ஒரு நீலப் பேனா இருந்தது. பின்பக்க ரப்பரால் தேய்த்தால் அதன் எழுத்து மறைந்துவிடும். வேலையின் கடைசி மாதத்தில், கூப்பன் தேதியை அழித்து எழுதிய குற்றத்துக்காக ஒரு பயணியிடமிருந்து பறிமுதல் செய்தது. அரசாங்கத்திடம் ஒப்படைக்க மறந்துவிட்டார். ஹாம்பர்க்கில் இருக்கும் மகளைப் பார்க்க வருடத்துக்கு நான்கு கட்டம் போதவில்லை. போதவில்லை என்பது அவர் கணக்கு. பரிசோதகர்கள் இப்போதெல்லாம் முத்திரை குத்துவதில்லை, எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். ஆகவே அதே கட்டம், அதே பேனா, புதுத் தேதி.

ஹங்கேரியில் வந்தவர் கொட்டாவி விட்டார். ஸ்லோவாக்கியாவில் வந்தவர் பழைய சக ஊழியர் என்று சல்யூட் அடித்தார். எங்கள் நாட்டில் அவரிடம் முறையான பாஸ் இருந்தது. பிரெட்ஸ்லாவில் வண்டி நின்றபோது இறங்கி நின்று, கதவை ஓங்கிச் சாத்தியதற்காக ஒரு புதுப் பரிசோதகரைக் கண்டித்துவிட்டு ஏறினார். லுத்மிலா ரொட்டித்தூளில் பொரித்த இறைச்சியை ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தபடியே இருந்தார், ஊறுகாய் வெள்ளரியோடு. எங்கள் தலைநகர் ப்ராக் தாண்டியதும் பொகோர்னி ஜெர்மன் கூப்பனை எடுத்துச் சின்ன மேஜையில் விளிம்போடு விளிம்பு சேர்த்து வைத்தார். முன்மாதிரிப் பயணி என்றால் சம்பந்தி கண்ணில் பட வேண்டாமா?

ட்ரெஸ்டனில் ரோஸ்விதா ஏறினார். எல்லை தாண்டி வந்து காய்கறி வாங்கியே எங்கள் மொழியைக் கற்றவர்.

"மாமியாருக்கே அபராதம் போட்டவரு நீங்கதானே? என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்ல அப்பவே இந்தக் கதை கெடைக்காமப் போச்சே."

"கடமைதானே சம்பந்தியம்மா" என்றார் பொகோர்னி. லுத்மிலா ஜன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்தார்.

ரோஸ்விதா பிளாஸ்கைத் திறந்து, ஆவி பறக்கும் காபியை அதன் உலோக மூடியில் ஊற்றினார். மேஜையில் கறை பட்டுவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் அங்கே கிடந்த காகிதத்தின் மேல் வைத்தார்.

பொகோர்னிக்கு நெற்றி வேர்த்தது. அந்த மை சூட்டுக்கும் மறையும். ரப்பர் தேய்க்கும்போது மறைவதே அந்தச் சூட்டால்தான். எடுங்கள் என்றால் ஏன் என்று கேட்பார்கள். காபி ஆறும்வரை பொறுத்து எடுத்துப் பார்த்தார். கட்டம் காலியாக, வட்டமான ஈரத்தடத்தோடு இருந்தது. கழிப்பறைக்குப் போய் எழுதிவிடலாம் என்று பாதி எழுந்தார். கதவு திறந்தது.

"டிக்கெட் ப்ளீஸ்" என்றாள் ஜெர்மன் பரிசோதகர். முப்பது வயதிருக்கும்.

லுத்மிலாவின் கூப்பனில் பால்பாயிண்ட் பேனாத் தேதி, பளிச்சென்று. அடுத்ததை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஐயா, இதுல தேதி எழுதலையே."

"எழுதினேன்" என்றார் பொகோர்னி. அன்றைக்கு அதுவரை அவர் சொன்ன முழு உண்மை அந்த ஒரு சொல்தான்.

"எழுதியிருப்பாரும்மா" என்று ரோஸ்விதா குறுக்கே வந்தார். "நான்தான் சூடா காபிய வச்சுட்டேன். எதுல எழுதினீங்க சம்பந்தி? காட்டுங்க அந்தப் பேனாவ. அட, இதுவா. இது அழியிற பேனா. என் வகுப்புப் பிள்ளைங்க முப்பது பேரு வச்சிருந்தானுங்க. கவலைப்படாதீங்க, குளிர்ல வச்சா அப்படியே திரும்ப வந்துரும்."

பரிசோதகர் பேனாவைப் பார்த்தாள். பிறகு பொகோர்னியைப் பார்த்தாள். "வந்துருமா?"

"கட்டாயம் வரும். இந்த வண்டியோட சாப்பாட்டுப் பெட்டியில உறைபெட்டி, அதான் ஃப்ரீசர், இருக்குமில்ல?"

"வேண்டாம் சம்பந்தியம்மா, எதுக்கு சிரமம்" என்றார் பொகோர்னி.

"சிரமமா? உங்க மானம்ல போகுது."

சாப்பாட்டுப் பெட்டிக்காரர் எங்கள் ஊர்ப் பக்கத்தவர். "பொகோர்னி ஐயாவோட கூப்பனா? ஐஸ்கிரீம் பக்கத்துல வைக்கவா, உருளைக்கிழங்கு பக்கத்துல வைக்கவா?" என்று மரியாதையாகக் கேட்டாராம். அரைமணி நேரம். அந்த அரைமணியில், ஒரு ரயில்வே சாதனம் பழுதாக வேண்டும் என்று பொகோர்னி வாழ்நாளில் முதன்முறையாகப் பிரார்த்தித்தார். எங்கள் நாட்டு உறைபெட்டி அது. ஒழுங்காக வேலை செய்தது.

கூப்பன் திரும்பி வந்தது. தேதியும் திரும்பி வந்திருந்தது. தனியாக வரவில்லை.

"இன்னைக்கு தேதி இருக்கு" என்றாள் பரிசோதகர், காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து. "அதுக்கு அடியில ஆகஸ்ட் இருபது. அதுக்கும் அடியில ஜூன் பதினாலு. இது ஏப்ரல் மூணா, எட்டா?"

"எட்டு" என்றார் பொகோர்னி. முப்பத்தோரு வருடப் பழக்கம், தெளிவில்லாத தேதியை விட்டுவைக்க முடியவில்லை.

"பாத்தீங்களா, எல்லாம் வந்துருச்சு" என்று ஆரம்பித்த ரோஸ்விதா பாதியில் நிறுத்தினார். முப்பது பிள்ளைகளைப் பார்த்தவர். பிளாஸ்கின் மூடியை மெதுவாகத் திருகி மூடினார். திட்டியிருந்தால் பொகோர்னி தாங்கியிருப்பார். அந்த அம்மாள் பையிலிருந்து ஒரு கேக் துண்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார், மாட்டிக்கொண்ட பிள்ளைக்கு வைப்பதுபோல.

பரிசோதகர் படிவத்தை எடுத்தாள். எழுதுவது தலைகீழாகத் தெரிந்தபோதும் பொகோர்னி சும்மா இருக்கவில்லை. "குற்றத்தோட வகைய அடுத்த வரியில எழுதணும்மா. முதல் தடவைன்னு போடாதீங்க. நாலாவது." கையெழுத்துப் போடச் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"அது வேண்டாம் ஐயா. இதுல போடுங்க" என்று தன் பேனாவை நீட்டினாள்.

அவர் அந்தப் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார் என்று லுத்மிலா எங்களிடம் சொன்னார். இந்தக் கதையைச் சொல்லும்போது வழியெல்லாம் சிரித்தவர், இந்த இடத்தில் சிரிக்கவில்லை.

பிறகு பொகோர்னி வெளியே போய், கழிப்பறைக்கும் கதவுக்கும் நடுவில் நின்றுகொண்டார். டிக்கெட் இல்லாதவர்களை அவர் நிறுத்திவைக்கும் இடம் அது. பெர்லின் நெருங்கும்போது லுத்மிலா இறைச்சி ரொட்டியோடு வந்தார். அவர் வாங்கவில்லை.

"ஏங்க, சம்பந்தியம்மா ஒண்ணும் கேக்கல. எங்க அம்மா பேரு என்னன்னு மட்டும் கேட்டாங்க."

பொகோர்னி தலைகுனிந்தபடி நின்றார். "உங்க அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்."

"கல்யாணத்துக்கு வர்றாங்க. அவங்க பக்கத்து நாற்காலி சம்பந்தியம்மாவுக்குத்தான். நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா சிரிச்சுருவேன்."

போனை அவர் கையில் திணித்துவிட்டு, கேட்கும் தூரத்திலேயே நின்றார். பொகோர்னி எண்ணை அழுத்தி, நிமிர்ந்து நின்று, பரிசோதனை அறிக்கை வாசிப்பதுபோல நடந்ததைத் தேதிவாரியாகச் சொன்னார். மறுமுனையில் எண்பத்தாறு வயது மாமியார். கடைசியில் கேட்டது ஒரே கேள்விதான்.

"பென்சிலா மாப்ளே?"

"இல்லைங்க அத்தை" என்றார் பொகோர்னி. "அத விட மோசம்."